இருபத்து மூன்று இலைகள்

காலை ஆறு இருபதுக்கு மில் வண்டி தெருமுனையில் நின்றது. பெரியவள் இறங்கினாள். தூறல். கையில் குடை இருந்தது. விரிக்கவில்லை. நாலு எட்டு வைத்தால் வீடு.

இரவு முழுக்கத் துணி பார்த்துவிட்டு வந்தால் அவள் கண்ணுக்கு எல்லாமே மேல்நோக்கி ஓடும். தெரு, சுவர், விளக்குக் கம்பம். அரை மணி நேரத்தில் அடங்கும்.

அச்சுத் துணி மில்லில் அவள் பத்தொன்பது வருடமாகச் செக்கிங் மேசையில் நிற்கிறாள். சாய்ந்த கண்ணாடி மேசை. அடியில் குழல் விளக்கு. கண்ணாடிமேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். பூ வரிசை விட்டு விலகியிருந்தால், நிறம் கசிந்திருந்தால், மிதிக்கட்டையை அழுத்தி நிறுத்த வேண்டும். எத்தனையாவது மீட்டர், ஓரத்திலிருந்து எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் எத்தனை மில்லிமீட்டர் விலகல் என்று சின்ன நோட்டில் எழுத வேண்டும். ஓரத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். சிறிய பிசகு என்றால் தூரிகையில் சாயம் தொட்டு அங்கேயே சரிசெய்துவிடலாம். ஆனால் எழுதாமல் தொடக்கூடாது. சரிசெய்த பிறகு பிசகு எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அச்சு உருளையைத் திருத்துகிறவர்களுக்கு அந்த எண்கள் வேண்டும்.

மில்லில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேரேயே கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

பக்கவாட்டுக் கதவைத் திறந்து முன்னறைக்குள் நுழைந்தாள். அந்த அறை முன்பு சைக்கிள் கடையாக இருந்தது. தரையில் இன்னும் எண்ணெய்க் கறை. தெருப்பக்கம் முழுவதும் இரும்பு ஷட்டர். அது இறங்கியிருந்தது. உள்சுவரை அடைத்துக்கொண்டு தங்கையின் படம் நின்றது. பன்னிரண்டு அடி அகலம், ஏழு அடி உயரம். எதிரே சாயப் பெட்டிகள், ஏணி, மேசை. படத்துக்கும் மேசைக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் வழி. நாலு மாதமாகப் பெரியவள் தினமும் காலையில் அந்த வழியாகத்தான் படுக்கப் போகிறாள். மூக்குக்கு ஒரு முழம் தள்ளிப் படம்.

படம் என்றால், ஒரு திரைச்சீலை. மங்கிய கோதுமை நிறத்தில் நீல இலைகள், வரிசை வரிசையாக. பார்த்து வரைவதற்காக, ஏதோ விடுதியில் கழித்துப்போட்ட திரைச்சீலையைப் பெரியவளின் கணவர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் சலவைக்கூடத்தில் வண்டி ஓட்டுகிறார். தங்கை இலை வடிவத்தில் ஓட்டை வெட்டிய ஓர் அட்டையை வைத்து, ஒவ்வொரு இலையாக, ஆயிரக்கணக்கில் போட்டிருந்தாள்.

பெரியவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. நெருக்கி, கோணாமல், பொறுமையாகப் போட்ட இலைகள். மூன்று வாரத்துக்கு முன்புதான் கெட்டுப்போக ஆரம்பித்தது. நடுவில் சில இலைகள் வரிசையை விட்டு விலகின. முதலில் பத்து. பிறகு ஐம்பது. தங்கையே பார்த்துத் திருத்துவாள் என்று அவள் பேசாமல் இருந்தாள்.

இன்று மூன்று மணிக்கு நகரத்தின் ஓவியக் கூடத்திலிருந்து பொறுப்பாளர் அம்மாள் வருகிறார். கூடத்தில் ஒரு பெரிய சுவர் இருக்கிறது. ஒரு வருடத்துக்கு ஒரே படம்தான் அதில் தொங்கும். தங்கையின் படமா, வேறொருவருடையதா என்று இன்று முடிவாகும். தங்கை இருபது வருடமாக வரைகிறாள். அந்தக் கூடத்தில் அவளுடைய சின்னப் படங்கள் இரண்டு தடவை தொங்கியிருக்கின்றன. இரண்டு தடவையும் கழிப்பறைக்குப் போகும் வழியில்.

பெரியவள் பையைக் கீழே வைத்தாள். கிட்டத்தில் பார்க்கிற கண்ணாடியை மாட்டினாள். நோட்டை எடுத்தாள்.

தங்கை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். நேற்று இரவு வெகுநேரம் வேலை செய்திருப்பாள். மூடிபோட்ட டப்பாக்களில் நிறங்கள் கலந்தபடி இருந்தன. பின்னணிக் கோதுமை நிலத்துக்கு ஒன்று, இலைக்கு ஒன்று. இலை அட்டை ஆணியில் தொங்கியது. பெரியவள் இரும்பு ஸ்கேலை வைத்து அளந்தாள். எழுதினாள். விலகிய இலையை நிலத்தின் நிறத்தால் மூடினாள். காய்ந்ததும் அதை வரிசையில் போட்டாள். அந்த வரிசைக்கு நேராகச் சட்டத்தின் ஓரத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினாள்.

எட்டேகாலுக்கு இமை தானாக மூடியது. இருபத்து மூன்று இலைகள் முடிந்திருந்தன. முட்டையை வேகவைத்துத் தட்டு போட்டு மூடினாள். ஒரு தாளில் எழுதிப் படத்தின்மேல் ஒட்டினாள். போய்ப் படுத்தாள்.

ஒன்பது மணிக்குத் தங்கை எழுந்தாள். தேநீர்க் கோப்பையோடு வந்து ஷட்டரைத் தூக்கினாள். தினமும் அப்படித்தான். உள்ளே தள்ளி நின்று பார்க்க இடமில்லை. ஷட்டரைத் தூக்கினால் தெரு முழுவதும் அவளுக்கு இடம்.

எதிர்வீட்டில் தையல்காரம்மா வாசல் படிக்கட்டுக்கு அருகே மெஷினைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். தலையைத் தூக்கினாள். மெஷின் நின்றது.

"என்னம்மா, இன்னைக்கு அந்தம்மா பாதியா உக்காந்திருக்காங்க?"

"யாரு?"

"உங்க படத்துல இருக்கிறவங்கதான். தோளைக் காணோமே."

தங்கை திரும்பினாள். கிட்டத்தில் ஒன்றும் தெரியாது. கோப்பையை ஏணிமேல் வைத்துவிட்டுத் தெருவைத் தாண்டினாள். தையல்காரம்மாவின் படிமேல் ஏறித் திரும்பினாள்.

சலவைக்கூடத்தில் சட்டைப் பைகளில் மறந்து விடப்பட்ட புகைப்படங்கள் கிடைக்கும். துவைத்த பிறகுதான் தெரியவரும். ஒரு வருடம் வைத்திருந்து பார்த்துவிட்டு எறிந்துவிடுவார்கள். எறிய வேண்டியதை அத்தான் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அவளிடம் கொடுப்பார். முகம் கரைந்தவர்கள், பாதி போனவர்கள், கால் மட்டும் மிஞ்சியவர்கள். அவள் படங்களில் இருக்கிறவர்கள் அவர்கள்தான். இந்தப் படத்துக்கு ஒரு கோட்டுப் பையில் கிடைத்த பெண். முகம் போய்விட்டது. உடுப்பின் நிறம் போய்விட்டது. தலையின் விளிம்பு, தோளின் வளைவு, மடித்த முழங்கை, மடியில் இரண்டு கை. அவ்வளவுதான் மிச்சம்.

அவள் அந்தப் புகைப்படத்தைத் துணியில் ஒட்டி அதன்மேல் திரைச்சீலையை வரைந்தாள். பெண்ணை வரையவில்லை. இலைகளைச் சிறிது விலக்கினாள். அவ்வளவுதான். கிட்டே போனால் பிசகிய இலைகள். தெருவைத் தாண்டி நின்றால் திரைச்சீலைக்குப் பின்னால் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள்.

இப்போது அவளுடைய கழுத்துக்குக் கீழே இடப்பக்கம் ஒன்றும் இல்லை. இலைகள் வரிசையில் நின்றன. திரை அவளை மூடிக்கொண்டுவிட்டது.

தங்கை திரும்ப வந்தாள். அப்போதுதான் தாளைப் பார்த்தாள். 'கொஞ்சம் சரி பண்ணிட்டேன். மிச்சம் மத்தியானம். எழுப்பாதே. முட்டை இருக்கு.' அக்காவின் படுக்கைக்குப் போனாள்.

"அக்கா."

"எழுப்பாதேன்னு எழுதியிருக்கேன்ல."

"படத்தைத் தொட்டியா?"

"தேங்க்ஸ் எல்லாம் வேண்டாம். போய் முட்டையைத் தின்னு."

"எழுந்திரி."

பெரியவள் கண்ணைத் திறந்தாள். தங்கையின் குரல் உயரவில்லை. அதனால்தான் திறந்தாள்.

"என்னடி?"

"யாரைக் கேட்டு அதுல கை வெச்ச?"

"கேக்கணுமா? மூணு வாரமா பாத்துக்கிட்டிருக்கேன். உனக்கே தெரியும், நீயே பாத்துப்பேன்னு வாயை மூடிக்கிட்டிருந்தேன். இன்னைக்கு ஆள் வர்ற நாள். எங்க மேசைக்கு இப்படி ஒரு துணி வந்தா ரெண்டாந்தரத்துக்குக்கூடப் போகாது. மெஷின் துடைக்கத்தான் போகும்."

"அது பிசகு இல்ல."

"என்கிட்டயா சொல்ற? வரிசையை விட்டு பதினாலு மில்லி வெளிய நிக்குது."

"நான்தான் நிக்க வெச்சேன்."

"எதுக்கு?"

தங்கை அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். படுக்கையிலிருந்து, சமையலறை வழியாக, முன்னறை வழியாக, தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"விடு. நைட்டியோட இருக்கேன்."

"தெருவுல எல்லாரும் நைட்டிதான்."

தையல்காரம்மா நாற்காலியை நகர்த்தி வழிவிட்டாள். பெரியவள் படிமேல் நின்று கண்ணைச் சுருக்கினாள்.

"கண்ணாடியைக் கழட்டு," என்றாள் தங்கை.

"கழட்டினா எப்படித் தெரியும்?"

"அதைக் கழட்டினாத்தான் தெரியும்."

தூக்கக் கலக்கத்திலும் மாட்டிக்கொண்டு வந்த கண்ணாடியைப் பெரியவள் கழற்றினாள். முதலில் திரைச்சீலை தெரிந்தது. துணி. நல்ல துணி. பிறகு மடியில் இரண்டு கை தெரிந்தன. அவள் அசையாமல் நின்றாள்.

"யாரோ உக்காந்திருக்காங்க."

"ஆமா."

"கை இருக்கு. தலை இருக்கு." கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள். "ஒரு தோள் இல்ல."

"நேத்து வரைக்கும் இருந்துச்சு."

"எத்தனை நாளா இவங்க இங்க இருக்காங்க?"

"மூணு வாரமா," என்றாள் தையல்காரம்மா. "தினமும் பாக்கிறேன். எங்க பெரியம்மா இப்படித்தான் உக்காருவாங்க. எங்க வீட்டுக்காரரைக் கேட்டா அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த டீச்சராம். தபால்காரருக்கு யாரோ. தெருவே பாத்துடுச்சு. நீங்க பாக்கலையா?"

பெரியவள் தங்கையைப் பார்த்தாள்.

"நான் தினமும் பக்கத்துல நடந்து போயிருக்கேன்."

"பக்கத்துல போனா இருக்கமாட்டாங்க."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எப்ப முழிச்சிருந்த?"

பெரியவள் கண்ணாடியை மாட்டினாள். மறுபடி கழற்றினாள்.

பத்து மணிக்கு அத்தான் வந்தார். மனைவி போன் செய்திருந்தாள். சலவை வண்டியை இரண்டு வீடு தள்ளித் தெருவை அடைத்து நிறுத்திவிட்டு இறங்கினார். தங்கை தரையில் எண்ணெய்க் கறைமேல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. அவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

"பாப்பா, கொலையாளி யாருன்னு எனக்குத் தெரியும். உடம்பு எங்க இருக்கு?"

யாரும் சிரிக்கவில்லை.

"போன்ல போட்டோ எடுத்து வெச்சிருப்பியே. அதைப் பாத்துத் திருப்பிப் போட்டுடு."

"இருக்கு அத்தான். பெருசாக்கினா கட்டம் கட்டமா உடையுது. எந்த இலை எவ்வளவு நகர்ந்துச்சுன்னு அதுல தெரியாது."

"அந்தச் சலவைப் போட்டோ?"

"அது அடியில ஒட்டியிருக்கு. பெயின்டுக்கு அடியில."

"நீ போட்டதுதானே. கைக்கு ஞாபகம் இருக்காதா?"

"மூணு வாரம் ஆச்சு அதுக்கு. ஒரு இலை வெச்சுட்டு ஓடிப்போய் எதிர்ல நின்னு பாப்பேன். திரும்ப வந்து ஒரு நூல் நகர்த்துவேன். திரும்ப ஓடுவேன். ஒரு நூல் தப்பினாலும் அது தோள் இல்ல. வெறும் இலை." அவள் முட்டிமேல் கையை வைத்தாள். "வர வேண்டாம்னு சொல்லிடுறேன்."

"இன்னைக்கு இல்லன்னா அந்தச் சுவரு?"

"வேற ஒருத்தருக்குப் போகும். நாளைக்கு அவரைப் பாக்கப் போறாங்களாம்."

அத்தான் படத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "போன ரெண்டு தடவை மாட்டின இடத்துல எப்பவும் கூட்டம் இருந்துச்சு," என்றார். "அவசரக் கூட்டம். ஆனா கூட்டம்."

தங்கை போனை எடுத்தாள்.

"இரு," என்றாள் பெரியவள்.

உள்ளே போனாள். மில் பையைக் கொண்டுவந்து மேசைமேல் கவிழ்த்தாள். ஸ்டிக்கர் சுருள், சாயத் தூரிகை, வெற்று டப்பா, இரும்பு ஸ்கேல், நோட்டு. நோட்டைப் புரட்டினாள். மில் துணியின் கணக்குக்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, 'வீடு' என்று எழுதியிருந்தது.

"பதினோராவது வரிசை. இடது ஓரத்துலேர்ந்து நூத்தி நாப்பத்தி ரெண்டு சென்டி. வலது பக்கம் ஒன்பது மில்லி. நுனி கொஞ்சம் கீழ சாய்வு."

தங்கை போனைக் கீழே வைத்தாள்.

"என்னது அது?"

"முதல் இலை. நீ எங்க வெச்சியோ அது."

"எழுதினியா?"

"எழுதாம எப்படித் தொடுவேன்?"

"எல்லாத்தையும்?"

"இருபத்தி மூணு. பதினோராவது வரிசையிலேர்ந்து இருபத்தோராவது வரைக்கும்." பெரியவள் விரலில் எச்சில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பினாள். "சாய்வுக்கு எங்க நோட்டுல கட்டம் கிடையாது. பக்கத்துல படமா கிறுக்கி வெச்சிருக்கேன்."

தங்கை நோட்டை வாங்கிப் பார்த்தாள். எண்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் அருகில் நகக்கண் அளவில் ஓர் இலை. சாய்ந்த இலை, சாயாத இலை. அவள் வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு எழுந்து சாய டப்பாவின் மூடியைத் திறந்தாள்.

"படி."

பெரியவள் படித்தாள். ஸ்கேலை வைத்தாள். சாக்குக்கட்டியால் புள்ளி வைத்தாள். தங்கை நேராக நின்ற இலையை நிலத்தின் நிறத்தால் மூடினாள். காயக் காத்திருந்தாள். காயவில்லை. ஷட்டர் திறந்திருந்ததால் காற்றில் ஈரம்.

அத்தான் வண்டிக்குப் போனார். கால் மணி நேரத்தில் சலவைக்கூடத்தின் ஊதுவிசிறியோடு வந்தார். கம்பளம் உலர்த்துகிற விசிறி. அதைப் போட்டதும் மேசையிலிருந்த தாள்கள் தெருவுக்குப் போயின.

"கேட்டுத்தானே எடுத்தீங்க?" என்றாள் பெரியவள்.

"இந்த வீட்டுல கேட்டுச் செய்யறவங்க யாரு?"

முதல் இலை பதினொன்றே காலுக்கு அதன் இடத்தில் உட்கார்ந்தது. தங்கை தெருவைத் தாண்டி ஓடப் போனாள்.

"நீங்க ஓடாதீங்க," என்று எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது. தையல்காரம்மா மெஷினை மூடிவிட்டு, படிமேல் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். "நான் பாத்துச் சொல்றேன். நீங்க வேலையைப் பாருங்க."

அதன்பிறகு மூன்று குரல்கள் மட்டும்தான். உள்ளே எண்கள். வெளியே தீர்ப்பு. நடுவில் விசிறியைத் திருப்பிக்கொண்டு அத்தான்.

"பன்னிரண்டாவது வரிசை. நூத்தி நாப்பத்தஞ்சு. வலது பதினொண்ணு."

"வெச்சாச்சு."

"கழுத்து முடிஞ்சு இறங்குது," என்றது படிக்கட்டு. "நல்லா இறங்குது."

தங்கை ஐந்தாவது இலையை மூடும்போது தூரிகையை நிறுத்தினாள். "அக்கா. நீ போட்ட இலை நான் போட்டதைவிட நல்லா இருக்கு."

"தெரியும்."

"ஓரம் கத்தியால வெட்டின மாதிரி இருக்கு."

"பத்தொன்பது வருஷம்டி. மூடு."

மூடினாள்.

ஒரு மணிக்கு ரொட்டி தின்றார்கள், நின்றபடி. பெரியவளின் கண் சிவந்திருந்தது. தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தாள். பதினெட்டாவது வரிசையில் நோட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"இங்க ஒரு கேள்விக்குறி போட்டிருக்கேன். ரெண்டு மில்லி, இடது பக்கம். மத்ததெல்லாம் வலது, இது மட்டும் இடது. இது வேணும்னு வெச்சதா, கை தவறினதா?"

தங்கை யோசித்தாள். "கை தவறினது."

"அப்ப அதை நேரா விட்டுடலாம்."

"வேண்டாம். அதையும் வை."

"தப்புன்னு தெரிஞ்சுமா?"

"அது இருந்தப்பதான் தோள் இருந்துச்சு."

பெரியவள் புள்ளி வைத்தாள். தலையை ஆட்டிக்கொண்டே வைத்தாள்.

இரண்டு பத்துக்கு இருபத்து மூன்றாவது இலை. அத்தான் விசிறியை நிறுத்தினார். தெருவே அமைதியான மாதிரி இருந்தது. மூன்று பேரும் எதிர்வீட்டைப் பார்த்தார்கள். தையல்காரம்மா எழுந்து நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். மழைத் தண்ணீராகவும் இருக்கலாம்.

"வந்துட்டாங்க," என்றாள்.

வந்தது வேறு யாரோ என்று நினைத்து அத்தான் தெருமுனையைப் பார்த்தார்.

பொறுப்பாளர் அம்மாள் இரண்டு நாற்பதுக்கே வந்துவிட்டார். காரை முனையில் விட்டுவிட்டு நடந்து வந்தார். சலவை வண்டி வழியை அடைத்து நின்றது. அத்தான் ஓடிப்போய் நகர்த்தினார்.

அம்மாள் உயரம். பேச்சு குறைவு. உள்ளே வந்ததும் படத்தின் அருகே போய் நின்றார். கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மாட்டினார். இடது ஓரத்திலிருந்து மெதுவாக நடந்தார். ஒருக்களித்துத்தான் நடக்க முடியும். பன்னிரண்டு அடியும் நடந்தார்.

தன் படத்தை யாராவது பார்க்கும்போது தங்கை தூரிகை கழுவுவாள். இப்போதும் மூலைக் குழாயில் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள்.

"ரொம்ப நுணுக்கமான வேலை," என்றார் அம்மாள். "நீங்க அனுப்பின போட்டோவுல ஏதோ ஒண்ணு இருந்த மாதிரி பட்டுச்சு. நேர்ல பாத்தா முழுக்கத் துணிதான். சில இடத்துல வரிசை கொஞ்சம்..." கையை ஆட்டினார். "அவசரமா முடிச்சீங்களா?"

தங்கை குழாயை மூடவில்லை.

பெரியவள் முன்னால் வந்தாள். நைட்டிமேல் ஒரு பழைய சட்டையைப் போட்டிருந்தாள். அதில் நீலமும் கோதுமை நிறமும் சிதறியிருந்தன.

"மேடம், நான் இவளோட அக்கா. நீங்க நிக்கிற இடத்துல நாலு மாசம் நானும் நின்னேன். நீங்க சொல்றதையேதான் நானும் சொன்னேன். சொல்றதோட நிக்கல. அது வேற கதை. கொஞ்சம் வெளிய வர்றீங்களா?"

"மழை பெய்யுதே."

"தூறல்தான். கரைய மாட்டீங்க."

காலையில் விரிக்காத குடையை விரித்தாள். அம்மாளின் முழங்கையைப் பிடித்தாள். படிக்குக் கொண்டுபோனாள். அம்மாள் திரும்புவதற்கும் ஒரு லாரி வருவதற்கும் சரியாக இருந்தது. செங்கல் லாரி. மெதுவாகப் போனது. அது மறைத்த வரைக்கும் எல்லாரும் செங்கலைப் பார்த்தார்கள்.

"கண்ணாடியைக் கழட்டிடுங்க," என்றாள் பெரியவள்.

லாரி போனது.

திரைச்சீலைக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு கை. மடித்த முழங்கை. அங்கிருந்து கழுத்துவரை ஒரே வளைவாகத் தோள். யாருக்காகவோ நேரம் பார்க்காமல் காத்திருப்பவளுடைய தோள்.

அம்மாள் குடையை விட்டுத் தூறலில் ஒரு படி இறங்கினார். மறுபடி ஏறினார். இறங்கினால் அவள் இல்லை. ஏறினால் இருந்தாள். மூன்று தடவை அப்படிச் செய்தார். சிரித்தார். அவர் அப்படிச் சிரிப்பார் என்று யாரும் நினைத்திருக்கவில்லை.

"யாரு இவங்க?"

"எங்க பெரியம்மா," என்றாள் தையல்காரம்மா.

"யாரோ ஒருத்தரோட கோட்டுப் பையில இருந்தவங்க," என்றார் அத்தான். "துவைச்சோம். யாரும் தேடி வரல."

அம்மாள் கைப்பையிலிருந்து போனை எடுத்தார். யாரையோ கூப்பிட்டார். படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார். "பெரிய சுவருக்கு எதிர்ல போட்டிருக்கோமே பெஞ்சு, அதெல்லாம் எடுத்துடுங்க. நடுவுல இருக்கிற சிலையும்தான். ஆமா. எதிர்ச்சுவர் வரைக்கும் காலியா வேணும். இல்ல, நாளைக்கு நான் எங்கயும் போகல. முடிஞ்சது."

போனை வைத்தார். "வியாழக்கிழமை வண்டி வரும்."

"கழிப்பறைக்குப் போற வழி இல்லையே?" என்று அத்தான் கேட்டார்.

"வாசல்ல நுழைஞ்சா முதல்ல இவங்கதான். கழிப்பறைக்கு இவங்களைத் தாண்டித்தான் போகணும்."

அத்தான் தெருவுக்கு நடுவில் நின்று உள்ளே பார்த்துக் கையைத் தூக்கினார். "பாப்பா. குழாயை மூடு."

தங்கை மூடினாள். ஈரக் கையோடு வெளியே வந்தாள். நடந்துதான் வந்தாள். தெருவைத் தாண்டும்போது கால் இடறியது. தையல்காரம்மா அவளைப் பிடித்துப் படிமேல் ஏற்றினாள். அம்மாள் கை கொடுத்தார். தங்கை கையை நைட்டியில் துடைத்துவிட்டுக் கொடுத்தாள்.

"சட்டத்து ஓரத்துல சிவப்பா வரிசையா இருக்கே, அது என்ன?" என்று அம்மாள் கேட்டார்.

பெரியவளுக்கு முகம் மாறியது. பதினொரு ஸ்டிக்கர்கள். மறந்தே போயிருந்தாள். "அது நான் ஒட்டினது மேடம். மில்லு ஸ்டிக்கர். பிசகு இருக்கிற வரிசைக்கு ஒட்டுறது. இதோ எடுத்துடுறேன்."

இறங்கப் போனாள். தங்கை அவள் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள்.

"அது படத்துல சேந்தது," என்று அம்மாளிடம் சொன்னாள். அன்று அவள் அம்மாளிடம் பேசிய முதல் வார்த்தை அது. "பதினோரு வரிசைக்கு அக்கா ஒட்டியிருக்கா. மிச்ச வரிசைக்கும் வியாழக்கிழமைக்குள்ள ஒட்டிடுவா."

"எனக்கு டூட்டி இருக்குடி."

"லீவு போடு."

"பத்தொன்பது வருஷத்துல நான் லீவே போட்டதில்ல."

"அப்ப நிறைய இருக்கும்."

தையல்காரம்மா உள்ளே போய்த் தேநீர் வைத்தாள். அத்தான் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். போகிறவர்கள் நின்றார்கள். தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, தோள் திரும்ப வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனார். தூறல் நின்றிருந்தது. அம்மாள் அவசரமில்லாதவரைப் போலக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெரியவள் கண்ணாடி இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு, எதிரே பார்த்தபடி இருந்தாள். கீழ் வரிசையில் தொடங்கி ஒவ்வொரு வரிசையாக மேலே போனாள். துணி ஓடாமல் நின்றது. கடைசி வரிசைவரை போனாள். அங்கே நின்றாள்.

"ஏய்," என்றாள். "மேல வலது மூலையில ஒரு இலை மட்டும் தலைகீழா இருக்கே. அது யாரு?"